கட்டிலுக்கடியில் ஒரு பை

மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்று ஃபோன் வந்ததும் வீடே கொதித்தது. புவனேஸ்வரி மட்டும் அறைக்குள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். பையன் பிரேம்குமாருக்கு சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை. அங்கே மெஷினை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை நடக்கிறதாம், லீவு கிடைக்கவில்லையாம், அடுத்த வாரம் பார்க்கலாமாம். பையனின் அப்பா சங்கடத்தோடுதான் சொன்னார்.

"பொண்ணு பார்க்க வர ஒரு நாள் லீவு கேட்கத் தெரியாதவன், நாளைக்குப் பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னா மட்டும் கேட்டுடுவானா?" என்றார் அப்பா வீரமணி.

பஜ்ஜிக்கென்று வாங்கி வைத்த வாழைக்காயை அம்மா எடுத்துப் பொரியலுக்கு நறுக்கத் தொடங்கினாள். அந்த நறுக்கலிலேயே கோபம் தெரிந்தது.

அப்பா வீம்பாக அறைப் பக்கம் திரும்பினார். "அவன் வரலன்னா நம்ம புள்ள காத்துக்கிட்டா கெடக்கணும்? நீ ஏரிக்குப் போயிட்டு வாம்மா."

இதற்குத்தான் புவனா காத்திருந்தாள்.

கல்லூரி முடித்த நாளிலிருந்து மூன்று தோழிகளும் போட்டுவந்த திட்டம் அது. மலையடிவாரத்தில் காட்டுக்கு நடுவே ஓர் ஏரி. கரையில் வனத்துறை ஆட்களே கூடாரம் தருவார்கள், காவலுக்கும் இருப்பார்கள். சனிக்கிழமை போய் ஓர் இரவு தங்கி, ஞாயிறு சாயங்காலம் திரும்ப வேண்டும். புவனா வந்தால்தான் ருமைசாவை லப்பைக்குடிக்காட்டிலிருந்து அனுப்புவார்கள். ருமைசா வந்தால்தான் ஜெயசித்ராவை எறையூரிலிருந்து அனுப்புவார்கள். ஒருத்தி கழன்றுகொண்டால் மூன்று பேரும் வீட்டில்தான்.

போன வாரம் அப்படித்தான் ஆனது. பெண் பார்ப்பது அதே ஞாயிறு என்று முடிவானதும், ஏரி எங்கேயும் ஓடிவிடாது என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அப்பா முன்னால் 'சரிப்பா' என்பதற்கு மேல் பேசிப் பழக்கமில்லாத புவனா, கட்டி வைத்த பையைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள்.

'ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கண் விழிக்க வேண்டிய பை. யாரோ பஜ்ஜி சாப்பிட வருவதால் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.'

அம்மா, அப்பா, அண்ணன், அத்தை, சித்தி என்று சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் மறைத்துவிட்டுத்தான் போட்டாள். அதிலெல்லாம் அவள் கெட்டிக்காரி.

இப்போது கட்டிலுக்கடியிலிருந்து பை வெளியே வந்தது. கூடாரத்தை ரத்து செய்ய மனசு வராமல் ஜெயசித்ரா அப்படியே விட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மூன்று பேரும் ஃபோனில் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாம் முடிவாயிற்று. ஜெயசித்ராவின் அப்பா ராத்திரியில் கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் லைட் வரும். ருமைசா வீட்டிலிருந்து ஒரு குண்டான் நெய்ச்சோறு வரும். குண்டானை யார் தூக்குவது என்பதில் மட்டும் சண்டை.

"காட்டுல கரடி வந்தா என்னடி பண்றது?" என்றாள் ருமைசா.

"நெய்ச்சோத்தைக் குடுத்து அனுப்பிடலாம். குண்டானும் கனம் கொறையும்" என்றாள் புவனா.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதற்கு நடுவிலும் ஒரு சின்ன முள் குத்திக்கொண்டுதான் இருந்தது. பேசிப் பாருங்கள் என்று அண்ணன் விக்கி இரண்டு பக்கமும் நம்பரை மாற்றிக் கொடுத்திருந்தான். புவனா கூச்சத்தில் பையன் பெயரைப் போடாமல் 'அரியலூர்' என்று பதிந்துவைத்திருந்தாள். இவளும் எதுவும் அனுப்பவில்லை. அவனாவது, வர முடியவில்லை என்று ஒரு வார்த்தை அனுப்பியிருக்கக் கூடாதா?

"வேலைதான் பெருசுன்னா அந்த மெஷினையே கட்டிக்கச் சொல்லுடி" என்றாள் ஜெயசித்ரா. புவனாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா முடிவெடுத்துவிட்டார். இந்த இடம் வேண்டாம் என்று தரகர் பஞ்சநாதனிடம் சொல்லிவிடப் போகிறாராம். சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டே புவனா ஸ்வெட்டரை மடித்தாள்.

ஃபோன் மினுங்கியது. அரியலூர்.

'ஏரிக்கரையில விடியக்காலம் ஈரம் ஏறும். மக்காச்சோளம் காயப்போடுற தார்ப்பாய் ஒண்ணு எடுத்துக்குங்க.'

ஏரிக்குப் போவது இவனுக்கு எப்படித் தெரியும்?

சொந்தக்காரர்கள் எல்லோரையும் மறைத்தவள், இன்னும் சொந்தமாகாத ஒருத்தனை மறந்துவிட்டிருந்தாள். யாரோ பஜ்ஜி சாப்பிட வருவதால் என்று எழுதியது ஞாபகம் வந்து காது மடல் வரைக்கும் சுட்டது.

அடுத்ததும் வந்தது.

'பையை வெளிய எடுத்துட்டீங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமை பஜ்ஜி சாப்பிட வரலாமா?'

அதற்குக் கீழேயே, லீவைப் பற்றி இன்னொன்று. புவனா அதைப் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள்.

கூடத்தில் அப்பாவின் குரல் கேட்டது. "பஞ்சநாதன், அந்த அரியலூர் இடம் இருக்கே…"

புவனா ஸ்வெட்டரும் கையுமாக ஓடிப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"அவங்களை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கப்பா."

மகளின் வாயிலிருந்து இவ்வளவு வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் கேட்டதில் அப்பா ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஏம்மா? ஒரு நாள் லீவு போடத் துப்பில்லாத ஆளும்மா அவன்."

"அவரு லீவு போட்டுட்டுத்தாம்பா வராம இருக்காரு."