கடைசி வரிசையில் ஒரு ஆள்

கன்னத்தில் வெட்டுத் தழும்பு, நெஞ்சுவரை திறந்த சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி. அந்த ஆள் கடைசி வரிசையில் எழுந்து நின்றதும் பேராசிரியை ஜெயஸ்ரீ வாசலில் காவலாளி இருக்கிறாரா என்று பார்த்தார்.

ராயபுரத்துக் கல்லூரியில் அன்று யசோதராவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ‘தமிழ்க் கதைகளில் பொறுக்கி என்னும் சொல்’ என்பது ஆய்வு. “வசவையெல்லாமா ஆய்வு செய்வது? ஆறு மாதம் திருத்தி எழுதட்டுமே” என்று தேர்வாளர் மாரியப்பன் ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தார். ஜெயஸ்ரீ வழிகாட்டிய முதல் மாணவி யசோதரா. இதில் ரகளை வேறு நடந்தால் பட்டம் போன மாதிரிதான்.

இந்தத் தேர்வில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. அதை எழுதிய புண்ணியவான் இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டார்.

“இன்னா மேடம், கேக்கலாமா?”

ஜெயஸ்ரீ வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

“பொறுக்கி பொறுக்கின்றியே, அதுக்கு இன்னாம்மா அர்த்தம்?”

யசோதரா நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். “சிந்தியதைப் பொறுக்கிச் சாப்பிட்டவருக்கு வைத்த பெயர், ஐயா. பசித்தவர் பெயர் பிற்பாடு வசவாகிவிட்டது.”

“அது எப்போ ரவுடிக்குப் பேராச்சு?”

அதற்கும் ஆண்டு, பக்க எண்ணோடு கடகடவென்று பதில் வந்தது. மாரியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த ஆள் விடுவதாக இல்லை. “கதைல வர்ற பொறுக்கியெல்லாம் காசிமேட்லயும் வியாசர்பாடிலயும்தான் கீறான். கோட்டு போட்ட பொறுக்கி ஒர்த்தன்கூட ஏம்மா கதைல வரல?”

யசோதரா திருதிருவென்று விழித்தாள். ஜெயஸ்ரீ தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார்.

“வந்திருக்கிறான் ஐயா” என்றாள் யசோதரா, கொஞ்சம் யோசித்து. “எழுதியவர்கள் அவனைப் ‘பெரிய மனிதர்’ என்று எழுதிவிட்டார்கள்.”

அரங்கமே சிரித்துக் கைதட்டியது. “இந்த ஒரு பதிலுக்கே பட்டம் தரலாம்” என்று மாரியப்பன் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் அந்த ஆள் விறுவிறுவென்று மேடையேறவும், ஜெயஸ்ரீ பதறிப்போய்க் குறுக்கே நின்றார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து யசோதரா கேட்டாள்:

“அப்பா, நான் எழுதிக் குடுத்தது ரெண்டு கேள்விதானே?”