ஓடுதா?

“ஓடுதா?” என்றார் பெரியவர், கதவோரமாக நின்றபடி.

“சத்தம் மட்டும் ஓடுது சார். படம் இன்னும் வரல” என்றாள் கம்ப்யூட்டர் மெக்கானிக் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மதிய வெயில் ஜன்னல் திரையில் வடிந்து மெதுவாக அறைக்குள் இறங்கியது. மின்விசிறி அரைத் தூக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கறுத்துக் கிடந்த கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு மைதானத்தின் இரைச்சல் மட்டும் வந்தது. விசில், கைதட்டல், யாரோ யாரையோ கூப்பிடும் குரல். கண்ணை மூடினால் அங்கேயே போய் நின்றுவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

போன வாரம் இதிலிருந்த வைரஸை எடுத்தவளும் அவள்தான். வீடியோ பார்க்க உதவுகிறேன் என்று உள்ளே நுழைந்து குடித்தனம் நடத்திய வைரஸ் அது. அதைக் கிளப்பியபோது, படத்தைப் பிரித்துக் காட்டும் கோடெக் மென்பொருளையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

“வைரஸ் இருந்தப்ப ஒழுங்காத்தான் ஓடிச்சு” என்று முனகினார் பெரியவர்.

“எங்க ஒழுங்கா ஓடிச்சு?” என்று உள்ளிருந்து வந்தாள் அவர் மனைவி. கையில் துணிக்கூடை. “ஓட்டப்பந்தயத்துல இவர் ரிப்பன் கிட்ட போறப்ப பொசுக்குனு நின்னுடும். எங்க மக இவர் படிச்ச காலேஜ்ல தேடிப் புடிச்சு, பழைய டேப்புலேருந்து இதுல ஏத்திக் குடுத்தா. அன்னியிலேருந்து இதே கதைதான். ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் பாக்கணும்மா எனக்கு. சாயங்காலம் பேரப்பசங்க வேற வர்றாங்க, தாத்தா ஜெயிச்சதைப் பாக்க.”

“நான் ஜெயிச்சது ஊருக்கே தெரியும். படம் வேற வேணுமாக்கும்!”

“கப்பைக் காட்டுங்களேன், படமே வேணாம்.”

“வீடு மாத்துறப்ப தொலைஞ்சு போச்சுன்னு எத்தனை தடவைடி சொல்றது?” என்றார் பெரியவர். சட்டைப் பித்தான் அவர் விரலில் படாதபாடு பட்டது.

மனைவி சிரித்துக்கொண்டே துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

மெக்கானிக் பெண் புதிய கோடெக்கை ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். திரை ஒரு நொடி தயங்கியது. பிறகு, இரைச்சலுக்குள்ளிருந்து மெல்ல நிறங்கள் எழுந்து வந்தன. பழுப்பேறிய வானம். சுண்ணாம்புக் கோடுகள். புழுதிக்கு நடுவே, எல்லோருக்கும் முன்னால், ஈர்க்குச்சி மாதிரி ஒரு பையன் ஓடி வந்தான். அவன் ஓடுவதாகவே தோன்றவில்லை. தரை அவனுக்கு அடியில் தானாக நகர்ந்து வழிவிட்டது. பெரியவரின் கால் கட்டைவிரல்கள் தரையைப் பிறாண்டின.

இரண்டு காலும் அந்தரத்தில் இருக்க, பையன் காற்றில் மிதந்தான்.

“இங்கதான் நிக்கும்” என்றார் பெரியவர் கிசுகிசுப்பாக. “நிக்கும் பாரு.”

நிற்கவில்லை. பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பையன் பெருமையாகத் திரும்பிப் பின்னால் பார்த்தான். கால் பின்னியது. குப்புற விழுந்தான். மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். கேமரா நகர்ந்து, முடியும் கோட்டைக் காட்டியது. அங்கே ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்திருந்த ரெட்டை ஜடைப் பெண், ரிப்பனைப் போட்டுவிட்டு விழுந்தவனை நோக்கி ஓடி வந்தாள். ஜெயித்தவன் அறுக்க ரிப்பன் இல்லாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். படம் முடிந்தது.



“முடிஞ்சுதா?” என்று கண்ணைத் திறந்தார் பெரியவர். குரல் உடைந்திருந்தது. “அம்மாடி, ஜெயிச்சவன்னு சொல்லித்தான் இவளைப் பொண்ணு பாக்கவே போனேன். நாப்பது வருஷமா அதையே சொல்லிட்டு இருக்கேன். சாயங்காலம் இது ஓடிச்சுன்னா, நான் எங்கம்மா ஓடுவேன்?”

கெட்டதைச் சரிசெய்துதான் அவளுக்குப் பழக்கம். சரியானதைக் கெடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை.

பையன் விழுவதற்கு முந்தின இடத்தோடு வீடியோவை வெட்டினாள். அவன் இரண்டு காலும் மண்ணில் படாமல், வெயிலில், என்றைக்கும் முதல் ஆளாக மிதந்து நின்றான். முழுப் படத்தை அழிக்க விரல் வரவில்லை. அதைத் தன் பென் டிரைவில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நீ நல்லா இருக்கணும்” என்றார் பெரியவர்.

அவள் செருப்பை மாட்டும்போது, மாடிப்படியில் மனைவி இறங்கி வந்தாள். கூடையிலிருந்த துணிகளில் வெயில் வாசம்.

“கடைசி வரைக்கும் ஓடுதாம்மா?”

மெக்கானிக் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “இல்லம்மா. படம் வருது. ஆனா அதே இடத்துல நின்னுடுது. டேப்புலயே கோளாறு போல.”

உள்ளே பெரியவர் சீட்டியடிக்கத் தொடங்கியிருந்தார். மனைவி அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆசைப்பட்டது கிடைக்காத ஏமாற்றம் முகத்தில் வந்து, சிரிப்பாக மாறியது.

“நிக்கட்டும், விடு. பாவம், இன்னிக்கு அவருக்குச் சோறு இறங்கும்” என்றவள், கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “நீ மட்டும் முழுசாப் பாத்திருப்பியே! ரிப்பனைப் போட்டுட்டு ஓடி வருவேனே, ரெட்டை ஜடையோட… அப்ப நான் பாக்க எப்படிம்மா இருந்தேன்?”