முப்பத்திரண்டு வீடுகள்

நீலப் பட்டையும் சிவப்புப் பட்டையும் ஒன்பதாவது கட்டத்தில் சமமாக வந்து நின்றுவிட்டன.

“டீச்சர், டிராவாப் போச்சு லா!” என்று கத்தினான் யோகேந்திரன்.

நான்காம் ஆண்டு மாணவர்கள் மொத்தமே மூன்று பேர். மூவரும் மணிலா அட்டையைச் சுற்றி மண்டியிட்டிருந்தார்கள்.

புனிதா டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டைக்குறிவரைவுப் பாடம். புத்தகத்தில் இருந்தது ஐஸ்கிரீம் கணக்கு. எத்தனை பேருக்குச் சாக்லெட் பிடிக்கும், எத்தனை பேருக்கு டுரியான் பிடிக்கும்.

அந்தக் கண்றாவி யாருக்கு வேண்டும்?

செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு எண்களை, ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை, அவளே தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தாள். வீடு வீடாகப் போங்கள். உங்கள் பிள்ளை எந்தப் பள்ளி என்று கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம். தமிழ்ப்பள்ளிக்கு நீலம், சீனப்பள்ளிக்குச் சிவப்பு, மலாய்ப்பள்ளிக்கு மஞ்சள்.

மஞ்சள் நான்கோடு நின்றது. அது போகட்டும்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அடுத்த வருட முதலாம் ஆண்டுக்கு இதுவரை பதிந்திருப்பது ஒரே ஒரு பெயர். வாசலில் தமிழ்ப்பள்ளியை வைத்துக்கொண்டு, விடிவதற்குள் பிள்ளையை மந்தின் டவுன் சீனப்பள்ளிக்கு வேன் ஏற்றி அனுப்புகிறவர்களை இந்த அட்டைக்கு முன்னால் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். இன்னும் நம் பக்கம்தான் ஆள் அதிகம் என்று ஊசலாடுகிறவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அதற்கு நீலம் ஒரு கட்டமாவது ஓங்கி நிற்க வேண்டும்.

“இன்னொரு தடவ எண்ணுங்க. ஏதாவது ஒரு வீட்ட விட்டிருப்பீங்க.”

இரண்டு பையன்களும் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார்கள். ரதி எண்ணவில்லை. பென்சில் டப்பாவை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஒரு வீடு விட்டுப் போச்சுதான் டீச்சர். நீங்க குடுத்த பேப்பர்ல அந்த வீடு இல்ல. அதான் ஒட்டவா வேணாவான்னு தெரியாம வச்சிருந்தேன்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எந்த வீடு?”

கேட்கும்போதே புனிதா நீலத் தாளை எடுத்து, கத்தரிக்கோலை விரித்துவிட்டாள்.

ரதி ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தாள்.

செம்பனை மரங்களுக்கு மேலே தகரக் கூரை தெரிந்தது. ஆசிரியர் குடியிருப்பு. தோட்டத்திலேயே எண் இல்லாத ஒரே வீடு. புனிதாவும் அவள் மகளும் இருக்கிற வீடு.

எண்ணிக்கொண்டிருந்த பையன்கள் நிறுத்திவிட்டார்கள்.

ரதி டப்பாவிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்து நீட்டினாள். மற்றக் கட்டங்களைப் போலவே அளவெடுத்து வெட்டியது. மூன்று நாளாக டப்பாவில் கிடந்து முனை மட்டும் மடங்கியிருந்தது.

சிவப்பு.