நம்பி வரலாமா என்று கேட்ட வண்டி

வண்டிகளே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்த பிறகு, சேலத்தில் ஒரே ஷோரூமில் ஏழு வண்டிகளிடம் நான் தோற்றேன். ஏழிடமும் ஒரே பேச்சுதான் பேசினேன்: "தினமும் மார்க்கெட்டுக்கு வரணும். லீவுல ரோடே இல்லாத மலையிலயும் ஏறணும்." ஏழும் என் பழைய பயணங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டன. அதில் ஒன்று சிரித்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

எட்டாவது பச்சை வண்டி. அது என்னை விட்டுவிட்டு என் மனைவி குமுதவல்லியிடம் கேட்டது.

"அம்மா, ஐயா நெஜமாவே மலைக்குப் போவாரா? இவரை நம்பி வரலாமா?"

கல்வராயன் மலையில் அருவி காட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லி முப்பத்தொரு வருடம் ஆகிறது; இன்னும் காட்டவில்லை.

"தாராளமா வா," என்றாள் அவள், கண் இமைக்காமல். "போன வருசம்கூடப் போனோமே. முழங்கால் அளவு சேறு. இவருதான் எறங்கித் தள்ளினாரு. அருவிச் சத்தத்துல நான் பேசினது எதுவும் இவரு காதுல விழல. வீட்டுலயும் அப்படித்தான்."

புளுகுவதில் ஊரறிந்த ஆள் நான். அன்று நானே நம்பி, குனிந்து முழங்காலில் சேறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

நாங்கள் போன இடம், போகாத இடம் எல்லாம் வண்டிக்குத் தெரியும். இருந்தும் கதவைத் திறந்தது.

"ஏறுங்கம்மா."

எங்கள் தெருமுனை வந்தது. வண்டி திரும்பவில்லை.

"வீடு இந்தப் பக்கம்ப்பா," என்றேன்.

"மொதல்ல அருவியைப் பாத்துட்டு வந்துரலாம் ஐயா. சேத்துல மாட்டினா தள்ளத்தான் நீங்க இருக்கீங்களே."