ஸ்கூட்டருக்குப் பின்னால்

வேகமாக வந்த ஸ்கூட்டருக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

உச்சிவெயில். குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் ரோடு. தலையில் தொப்பி, கண்ணில் கூலிங் கிளாஸோடு ஒருவன் ஸ்கூட்டரில் வருகிறான். பின்னாலேயே அவனுடைய நாய், நாக்கு தரையைத் தொடாத குறையாக ஓடி வருகிறது.

இந்தக் கூத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! வாக்கிங் என்று சொல்லிக்கொண்டு இவர்கள் வண்டியில் உட்கார்ந்துகொள்வார்கள். நாய் ஓட வேண்டும்.

"நிறுத்துய்யா வண்டிய! செருப்பக் கழட்டிட்டு இந்தத் தார் ரோட்டுல ரெண்டு நிமிஷம் நில்லு பாப்போம்!"

நிறுத்தினான். நாய் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அவன் காலை நக்கியது. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நாயின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். தோல் உரிந்து சிவந்திருந்தது. திட்டிக்கொண்டே என் பாட்டில் தண்ணீரைப் பாதத்திலும் வயிற்றிலும் ஊற்றினேன். உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினால் குடிக்காமல் அவனையே பார்த்தது.

எங்கள் பப்புவை நான் விடியற்காலையில்தான் கூட்டிப் போவேன். ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன், சுட்டால் திரும்பிவிடுவேன். பையில் தண்ணீர் இல்லாமல் தெருமுனையைத் தாண்டமாட்டேன். இதெல்லாம் பெரிய வித்தையா? இதுகூடத் தெரியாதவனுக்கு எதற்கு நாய்?

கழுத்தில் பெல்ட்கூட இல்லை. பெல்ட்டும் செயினும் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கின. லாரி போகிற ரோட்டில்! கால் வைக்கும் இடத்தில் ஒரு சாக்கு, அது முழுக்க நாய்முடி. இவ்வளவு இடம் இருக்கிறதே, ஏற்றிக்கொண்டால் என்ன என்று கத்தினேன்.

"போகசொல்ல ஏத்திகினுதான்க்கா போனேன்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

வாயை மூடு என்றேன். பெல்ட்டைப் பிடுங்கி நானே மாட்டினேன். அதோ அந்தப் பெட்டிக்கடையில் போய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு வா, அதுவரை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று விரட்டினேன்.

உடனே வண்டியைக் கிளப்பினான். போகும்முன் நாயின் தலையைத் தடவிக்கொடுத்தான். இந்தக் கரிசனத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

வண்டி நகர்ந்ததும் நாய் இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. விடுவேனா? செயினைக் கையில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப் நிழலுக்கு இழுத்து வந்தேன். இதோ வந்துவிடுவான், கத்தாதே என்று அதையும் ஒரு அதட்டு அதட்டினேன்.

நான் போக வேண்டிய பஸ் வந்து போனது. அடுத்ததும் போனது.

பெட்டிக்கடை இங்கிருந்தே தெரிகிறது. அங்கே ஸ்கூட்டர் எதுவும் இல்லை.

போகும்போது ஏற்றிக்கொண்டுதான் போனானாம். எங்கேயோ இறக்கி விட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் பெல்ட் கொக்கிக்குப் போயிருக்கிறது.

பாவி. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் தீர்த்தேன். கேட்க நாய் மட்டும்தான் இருந்தது.

வெந்த காலோடு எங்கிருந்தோ ஓடிவந்து அவனைப் பிடித்தேவிட்டது அது. நான்தான் பிடித்து வைத்துக்கொண்டேன்.

பூந்தமல்லிப் பக்கம் பார்த்தபடி இன்னும் இழுக்கிறது.