யாமினியின் சீட்டும் சுவர்ப் பல்லியும்

ஒரு வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பல்லி குடியிருந்தது. அந்த வீட்டுப் பெண் யாமினிக்குப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் படிக்க இடம் கிடைக்குமா என்று எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். போன வருடத்துக் கட்-ஆஃபைச் சொல்லி அப்பா பெருமூச்சு விட்டபோது, பல்லி "ச்சு ச்சு" என்றது.

"பல்லியே சொல்லிடுச்சு, கிடைச்சிடும்!" என்றாள் அம்மா.

பல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது டியூப்லைட் பக்கம் வந்த வேறொரு பல்லியை அல்லவா விரட்டியது!

"சீட்டு வாங்கிக் குடுத்துட்டீங்களாமே, ஐயா!" என்று மூலையிலிருந்த சிலந்தி சிரித்தது.

"கிண்டல் பண்ணாதே. கிடைக்கலைன்னா பாவம், அந்தப் பொண்ணு நொறுங்கிப் போயிடும். நிஜமாவே கிடைக்குமான்னு நான் பார்க்கணும்."

மறுநாள் பல்லி, யாமினியைக் கவனிக்க ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. அவள் புத்தகத்தை வைத்துவிட்டு வந்து, கண்ணாடியில் மூக்கை அழுத்தி அதன் பாதங்களையே பார்த்தாள்.

"பசையும் இல்ல. கண்ணாடியில நகமும் மாட்டாது. எப்படி விழாம நிக்கிறே?"

பல்லியிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அதற்கே பதில் தெரியவில்லை.

சாயங்காலம் மறுபடியும் கட்-ஆஃப் பேச்சு. அம்மா ஆசையோடு சுவரைப் பார்த்தாள். பல்லியோ தன் பாதத்தின் அடியில் என்னதான் இருக்கிறதென்று பார்க்க ஒரு காலைத் தூக்கியது. பிறகு இன்னொன்றை. பிறகு மற்ற இரண்டையும். பொத்தென்று அப்பாவின் தோளில் விழுந்து தரைக்கு வந்தது.

"இடது தோளா, வலது தோளா?" என்று கேட்டுக்கொண்டே, பலன் பார்க்க அம்மா காலண்டரிடம் ஓடினாள். அப்பாவும் தோளைப் பிடித்தபடி பின்னாலேயே போனார். யாமினி மட்டும் தரையில் குனிந்து உட்கார்ந்தாள்.

"இப்ப மட்டும் ஏன் விழுந்தே?"

பல்லி அவளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, வேண்டுமென்றே சொன்னது:

"ச்சு ச்சு."