அம்மாவின் கெட்டிக்காரி

"இங்க கெட்டிக்காரி யாருங்க?"

வெளியே போகக் கிளம்பிய டீச்சரின் மகள், வகுப்பறை வாசலில் நின்று திரும்பிக் கேட்டாள்.

டீச்சரின் நினைவுக் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. பழைய மாணவர்கள் சிலர் பெஞ்சுகளை வரிசையாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முழுக்க மகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தாள். ஒருவர் பாக்கியில்லாமல் "எங்களுக்கு அவங்க அம்மா மாதிரி" என்றார்கள். நகம் வெட்டிவிட்டார்களாம். சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தார்களாம். இவள் பட்டனை இவளேதான் தைத்துக்கொண்டாள்.

"டீச்சரோட பொண்ணுதானே நீங்க? உள்ள வாங்க. யாரைத் தேடுறீங்க?" என்று ஒரு பெண் வந்தாள். பஸ் கண்டக்டர். சீருடையோடு வந்திருந்தாள்.

"பேர் தெரியாது. 'என் கிளாஸ்ல ஒரு கெட்டிக்காரி இருக்கா'ன்னுதான் அம்மா சொல்லுவாங்க. சாப்பிட உட்கார்ந்தா அவ கதை, படுத்தா அவ கதை. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு எனக்கு."

அந்தக் கெட்டிக்காரியை முகம் தெரியாமலே இவளுக்குப் பிடிக்காது. அம்மா தன் பள்ளியில் இவளைச் சேர்க்கவே இல்லை. "அங்க வந்தா நான் உனக்கு அம்மாவா இருக்க முடியாதுடி" என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார். பகலெல்லாம் அம்மா அந்தக் கெட்டிக்காரிக்கு. மிச்சம் மீதிதான் இவளுக்கு. அந்த மிச்சத்திலும் அவள் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

மகள் கைப்பையிலிருந்து அம்மாவின் கைக்கடிகாரத்தை எடுத்தாள்.

"போற நேரத்துல இதை என் கையில வெச்சு, 'என் கெட்டிக்காரிக்கு'ன்னாங்க. அப்புறம் பேசவே இல்ல. பெத்த பொண்ணு நான் பக்கத்துல இருக்கேன், கடைசியிலயும் அவதான்! படுக்கையில விழறதுக்கு முன்னாடியே பட்டையில புதுசா ஓட்டை வேற போட்டு வெச்சிருக்காங்க, பாருங்க. அம்மா கை நல்ல பருமன். மகராசிக்கு ஒல்லிக்கை போல!"

"நீங்க கட்டிப் பார்த்தீங்களா?"

"எனக்குக் கொடுக்காததை நான் ஏன் கட்டிப் பார்க்கணும்? கொடுத்துட்டுப் போயிடறேன். ஆனா அந்த மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும்."

"அடையாளம் ஏதாவது சொல்லுங்க."

"தன்னோட சண்டை போட்டவளுக்கே சாப்பாட்டுல பாதியைக் கொடுத்தாளாமே?"

கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, அது நான்தாங்க! ஆனா டீச்சர் அன்னிக்கு 'போய்க் கையைக் கழுவு'ன்னு மட்டும்தான் சொன்னாங்க."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவளா? "அப்போ நனைஞ்ச நாய்க்குட்டியைப் பைக்குள்ள ஒளிச்சு வகுப்புக்குக் கொண்டு வந்ததும் நீங்கதானா?"

"அது நான்" என்றது ஒரு கரகரத்த குரல்.

பெஞ்சைத் தூக்கிக்கொண்டு பழைய மாணவர் ஒருவர் நின்றிருந்தார். மெக்கானிக். மீசை காதைத் தொட்டது.

"இத்தனை வருஷமா நான் வயிறெரிஞ்சது இந்த மீசை மேலயா?"

அறையே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் மெக்கானிக். "டீச்சர் யாரையும் நேருக்கு நேர் பாராட்டவே மாட்டாங்க. தலையில கொம்பு முளைச்சிடுமாம். நான் நல்லது பண்ணினா அடுத்த கிளாஸ்ல போய்ச் சொல்லுவாங்க. எங்க எல்லாரையும் ஒண்ணாச் சேர்த்துப் பிசைஞ்சு வீட்டுல ஒரே பொண்ணா ஆக்கிட்டாங்க போல."

"அப்போ கெட்டிக்காரின்னு ஒருத்தி இல்லவே இல்லையா? இதை நான் யார்கிட்ட கொடுக்கிறது?" அவள் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

மெக்கானிக்கும் கண்டக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்கா" என்றாள் கண்டக்டர் மெதுவாக. "எங்களுக்கும் அவளைக் கண்டா ஆகாது."

"யாரு அவ?"

"தன் பட்டனைத் தானே தைச்சுக்குவாளாம். டீச்சருக்குக் காய்ச்சல்னா நெத்தியில ஈரத்துணியைப் போட்டுட்டு, தானே ஜடை பின்னிக்கிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பிடுவாளாம். நாங்க எதுக்காவது அடம்பிடிச்சா போதும், 'எங்க வீட்டுல ஒரு கெட்டிக்காரி இருக்கா'ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அந்த மூஞ்சியை ஒரு தடவை பார்த்துடணும்னுதான் இன்னிக்கு லீவு கிடைக்கலைன்னாலும் நான் வண்டியிலேர்ந்து இறங்கி ஓடி வந்தேன்."

மகளின் விரல்களிலிருந்து கடிகாரத்தை வாங்கி, அவள் மணிக்கட்டிலேயே சுற்றிக் கட்டினாள் கண்டக்டர்.

புது ஓட்டையில் கொக்கி கச்சிதமாக விழுந்தது.